கொடிக்கயிறு: பனிப்புயல் பற்றி ஒரு கிராமத்து டாக்டரின் குறிப்பு

அவருக்கு இடது கையில் மூன்று விரல்களுக்கு நுனி இல்லை. முதல் தடவை ரத்த அழுத்தம் பார்க்க வந்தபோதே கவனித்துவிட்டேன். சோளம் அறுக்கும் இயந்திரத்தில் போயிருக்கும் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். பண்ணைக்காரர்கள் ஊரில் வைத்தியம் பார்த்தால் இதெல்லாம் அதிசயமில்லை. ஆறு மாதம் கழித்துத்தான் கேட்டேன். "செவன்டி எய்ட்" என்றார். அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை என்பதுபோல சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

ஒஹாயோ மாநிலத்தின் மேற்கு ஓரம், இண்டியானா எல்லையை ஒட்டிய பகுதி இது. சோளம், சோயா, பால் மாடு, கோழி. நிலம் தோசைக்கல் மாதிரி தட்டை. காற்றைத் தடுக்க ஒரு குன்றுகூடக் கிடையாது. இங்கே எழுபது தாண்டிய யாரிடம் வேண்டுமானாலும் 'செவன்டி எய்ட்', அதாவது 1978 பனிப்புயல், என்று சொல்லிப் பாருங்கள். மருந்துச்சீட்டை மறந்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். குடும்ப டாக்டராக இந்தக் கதைகளைப் பல வருடம் கேட்டதில் எனக்கு ஒன்று பிடிபட்டது. வட அமெரிக்காவுக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்பதால் எழுதுகிறேன்: பனிப்புயலில் ஆபத்து ஏதோ தொலைதூர மலையில் இல்லை. வாசலில், கராஜில், காருக்குள், "அஞ்சு நிமிஷம்தானே" என்று நாம் நினைக்கிற இடத்தில் இருக்கிறது.

1978 ஜனவரி 25, புதன்கிழமை இரவு இங்கே பெய்தது மழை. பனிகூட இல்லை. வியாழன் விடிவதற்குள் காற்று திரும்பி, ஈரமாக இருந்ததெல்லாம் கண்ணாடியாக இறுகிவிட்டது. கிளீவ்லாந்தில் காற்றழுத்தம் 28.28 அங்குலத்துக்கு இறங்கியது; அது கடலில் கடும் சூறாவளிகளின் மையத்தில் பார்க்கிற அளவு. ஒஹாயோவில் பல இடங்களில் பெய்த பனி என்னவோ ஓர் அடியைச் சுற்றித்தான். ஆனால் அந்தக் காற்று அதை வாரி வாரி வீட்டுக் கூரை உயரத்துக்கு மேடு கட்டியது. ஒஹாயோ டர்ன்பைக் நெடுஞ்சாலையை வரலாற்றில் முதல்முறையாக முழுசாக மூடினார்கள். நேஷனல் கார்டு என்ற துணை ராணுவப் படையின் வீரர்கள் ஹெலிகாப்டரில் பறந்து பறந்து ஆட்களை மீட்டார்கள். ஒஹாயோவில் மட்டும் 51 பேர் இறந்தார்கள். (பக்கத்து மாநிலமான இண்டியானாவுக்கு அப்போது கவர்னராக இருந்த ஓட்டிஸ் போவன் எங்கள் ஜாதி, அதாவது கிராமத்துக் குடும்ப டாக்டர். சும்மா ஒரு பெருமைக்குச் சொல்கிறேன்.)

என் நோயாளியிடம் அப்போது நாற்பது கறவை மாடுகள். மின்சாரம் போய்விட்டது. புயலாவது ஒன்றாவது, மாட்டுக்கு மடி கனத்தால் கறந்தாக வேண்டும். கறக்காமல் விட்டால் மடிவீக்கம் வரும். வீட்டுக்கும் கொட்டகைக்கும் இடையே சுமார் அறுபது அடி. தினமும் நான்கு தடவை கண்ணை மூடிக்கொண்டு நடக்கிற தூரம். அன்றைக்குக் கதவைத் திறந்தால் நீட்டிய கை தெரியவில்லையாம். அவர் மனைவி துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அறுத்து வந்து ஒரு முனையை வாசல் கைப்பிடியில் கட்டினார். மறுமுனையை இவர் இடுப்பில் கட்டிக்கொண்டு போய்க் கொட்டகைக் கதவில் முடிந்தார். முடிச்சுப் போடுவதற்காக இடது கை உறையைக் கழற்றினார். அது காற்றில் பறந்தது. "போகட்டும், அஞ்சு நிமிஷ வேலை" என்று விட்டுவிட்டார். அந்த அஞ்சு நிமிஷம்தான் மூன்று விரல் நுனிகள்.

டிராக்டரை ஜெனரேட்டரோடு பூட்டிக் கறவை இயந்திரத்தை ஓட்டியவர்களும் உண்டு. இவரிடம் அது இல்லை. இரண்டு பேரும் கையாலேயே கறந்தார்கள். பால் லாரி வர வழியில்லை. தொட்டி நிரம்பியதும் மிச்சத்தைச் சாணிக் கால்வாயில் ஊற்றினார்கள். விரல் போனதைச் சாதாரணமாகச் சொன்னவர், பாலை ஊற்றிய கதையைச் சொல்லும்போதுதான் குரலைத் தாழ்த்தினார்.

குளிரில் தோலும் சதையும் உறைந்துபோகிற ஃப்ராஸ்ட்பைட்டில் இதுதான் தந்திரம். முதலில் வலிக்கும், பிறகு வலி நின்றுவிடும். வலி நின்றது நல்லதற்கு என்று நினைப்போம். நரம்பு உறைந்துபோனதால் நின்றது அது. தோல் மெழுகு மாதிரி வெளுத்திருந்தால் தேய்க்காதீர்கள், அதுவும் பனியை வைத்துத் தேய்க்கவே கூடாது. நெருப்பருகே காட்டவும் வேண்டாம், மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். 37 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். மறுபடி உறையும் வாய்ப்பு இருந்தால், பத்திரமான இடம் சேரும்வரை உருக வைக்காமல் விடுவதே மேல்.

உடம்பு முழுவதும் குளிர்ந்துபோவது வேறு கதை. உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. நடுங்குகிறவரைப் பார்த்துப் பயப்படுகிறோம். நடுக்கம் நின்றுபோனவரைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். நாக்கு தடிக்கும், பட்டன் போட வராது, சரியென்று தோன்றாத எதையோ பிடிவாதமாகச் செய்வார். சிலர் கடைசிக் கட்டத்தில் உடம்பு எரிகிறது என்று கோட்டைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். ஈரத்துணியை மாற்றி, போர்த்தி, மார்பையும் முதுகையும் முதலில் சூடாக்குங்கள். ஒரு பெக் பிராந்தி கொடுத்தால் சரியாகிவிடும் என்பது சினிமா வைத்தியம். அது இருக்கிற சூட்டையும் தோல் வழியே வெளியேற்றும். அசைவில்லை என்பதற்காக நம்பிக்கையும் இழக்க வேண்டாம். 1999இல் நார்வேயில் பனிக்கடியில் ஓடிய தண்ணீரில் சிக்கிய அன்னா போகன்ஹோம் என்ற டாக்டரின் உடல்வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கியிருந்தது. பிழைத்து, மறுபடி ஆஸ்பத்திரி வேலைக்கும் போனார்.

குளிரைவிட எனக்கு அதிகப் பயம் கார்பன் மோனாக்சைடு. சில வருடம் முன்பு, புயலடித்து மின்சாரம் போன இரண்டாம் நாள், ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, பெண், மூன்று பேருக்கும் தலைவலி, வாந்தி. ஃப்ளூ சீசன். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டர் 98 சதவீதம் காட்டியது, நல்ல எண். மருந்து எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். அந்தச் சின்னப் பெண்தான், "நாய்க்கும் உடம்பு சரியில்லை" என்றாள். நாய்க்கு எங்கே நம் ஃப்ளூ வரும்? கேட்டால், ஜெனரேட்டர் கராஜில் ஓடுகிறது, "கதவைப் பாதி திறந்துதான் வைத்திருக்கிறோம் டாக்டர்". அந்த வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜன் பிடிப்பதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, நல்ல எண்ணாகவே காட்டும். ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். மூவரையும் ஆக்சிஜன் போட்டு அனுப்பிவைத்தோம், பிழைத்தார்கள். அந்தப் பெண் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பதை இன்னமும் யோசிப்பதுண்டு.

பனியே பழக்கமில்லாத டெக்சாஸில் 2021 பிப்ரவரியில் குளிர் தாக்கியபோதும் இதே கதை: வீட்டுக்குள் கரி அடுப்பு, கராஜில் ஓடும் கார். ஜெனரேட்டர் வீட்டைவிட்டு இருபது அடியாவது தள்ளி, வெளியேதான் இருக்க வேண்டும். கராஜ் வெளியே ஆகாது. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிப் படுக்கையறைப் பக்கம் மாட்டுங்கள்.

அப்புறம் பனி வாருவது. ஈரப்பனி என்றால் ஒரு ஷவல் ஏழெட்டுக் கிலோ வரும். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கையால் தூக்கி வீசுகிறோம். அதுவும் காலையில், ஆபீசுக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில். தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சின்ன வயதிலேயே வருகிறது என்பது உங்களுக்கும் தெரியும். நாற்பத்தைந்து வயது, சர்க்கரை, கொலஸ்ட்ரால், நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் என்றால் தயவுசெய்து தெருப் பையனுக்கு இருபது டாலர் கொடுத்துவிடுங்கள். நீங்களேதான் வார வேண்டுமென்றால் தூக்காமல் தள்ளுங்கள், சின்ன ஷவலாக வாங்குங்கள். நெஞ்சில் ஏதோ பாரமாக இருந்தால் மிச்சத்தை அப்படியே போட்டுவிட்டு அவசர உதவி எண் 911ஐக் கூப்பிடுங்கள்.

கார் விஷயத்தில் நானே தப்பு செய்யப் பார்த்தவன். இங்கே வந்த முதல் குளிர்காலம், ராத்திரி ஊர் திரும்பும்போது கார் வழுக்கி வாய்க்காலில் இறங்கிவிட்டது. தூரத்தில் ஒரு வீட்டு விளக்கு. அதோ தெரிகிறதே, நடந்துவிடலாம் என்று கதவைத் திறந்தேன். ஷூவுக்குள் பனி புகுந்ததும் மனம் மாறித் திரும்ப ஏறினேன். முக்கால் மணி நேரத்தில் டிராக்டர் ஒன்று வந்தது. ஓட்டி வந்தவர், அந்த விளக்கு ஒன்றரை மைலுக்கு அப்பால் என்றார். தட்டை நிலத்தில் வெளிச்சம் அப்படித்தான் ஏமாற்றும். 1978இல் மான்ஸ்ஃபீல்ட் அருகே ஒரு லாரி முழுசாகப் பனிக்குள் புதைந்துபோனது. டிரைவர் உள்ளேயே இருந்து, பனியைத் தின்று, ஆறாம் நாள் உயிரோடு மீட்கப்பட்டார். வண்டியை விட்டு இறங்காதீர்கள். மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் என்ஜினை ஓட்டுங்கள். ஓட்டும் முன் புகைக்குழாயைச் சுற்றிப் பனியை விலக்கிவிடுங்கள், இல்லையென்றால் மேலே சொன்ன அதே வாயு உள்ளே வரும். காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலை ஒரு விரல் திறந்து வையுங்கள்.

இந்தக் கதையை விரல் இல்லாத என் நோயாளியிடம் சொன்னேன். பரிசோதனை முடிந்ததும், "டாக், உங்க காரைக் காட்டுங்க" என்று என்னோடு வெளியே வந்தார். பெருமையாக டிக்கியைத் திறந்து காட்டினேன்: கம்பளி, டார்ச், சின்ன ஷவல், ஒரு டப்பாவில் கடலைமிட்டாய். அவர் ஒரு மிட்டாயை எடுத்துக் கடித்துப் பார்த்தார். ஜனவரிக் குளிரில் அது கருங்கல். அதைத் திரும்ப டப்பாவில் போட்டார். "கார் புதைஞ்சா டிக்கியை எப்படித் திறப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்துப் பின்சீட்டில் அடுக்க ஆரம்பித்தார். கடைசியாகத் தன் வண்டிக்குப் போய் ஒரு சுருள் கொடிக்கயிறு கொண்டுவந்து அதன்மேல் வைத்தார்.