டிரையர் சுற்றுகிறது, சூடு வரவில்லை: ஃபியூஸை மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை

டிரையர் வழக்கம்போல் சுற்றி ஓய்கிறது. கதவைத் திறந்தால் துணி ஈரம் மாறாமல் சில்லென்று கிடக்கிறது. பழுது பார்க்கும் எங்களுக்கு அடிக்கடி வரும் புகார் இது. டிரம்மைச் சுற்றும் மோட்டாருக்கும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டருக்கும் மின்பாதை வேறு வேறு என்பதால், ஒன்று நின்றாலும் மற்றது ஓடும்.

சூடில்லாத காற்றுக்கான தேர்வில் குமிழ் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு லைன்களில் மின்சாரம் பெறும் மாடல்களில் ஒரு லைன் மட்டும் அறுந்தாலும் மோட்டார் ஓடும், ஹீட்டர் சூடாகாது. ஆகவே பிரேக்கரை முழுதாக அணைத்து ஒருமுறை மீண்டும் போட்டுப் பார்க்கலாம். உடனே மறுபடியும் விழுந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

இவை சரியாக இருந்தால், பெரும்பாலும் தெர்மல் ஃபியூஸ் (சூடு மிகுந்தால் மின்பாதையை அறுக்கும் பாகம்) போயிருக்கும், அல்லது ஹீட்டர் காயில் அறுந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகே மூடியைக் கழற்ற வேண்டும். இணைப்பு ஒயர்களை எடுத்துவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தால், நல்ல ஃபியூஸ் ஏறக்குறைய 0 ஓம் காட்டும். 240 வோல்ட்டில் 5 கிலோவாட் அளவுள்ள காயில் 10 ஓமை ஒட்டிக் காட்டும். இரண்டில் எது தொடர்பே காட்டவில்லையோ, அதுதான் போனது.

ஆனால் ஃபியூஸ் தானாகப் போவது அரிது. காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளே சூடு ஏறும்போது, தீப்பிடிக்காமல் இருக்க அது தன்னை அறுத்துக்கொள்கிறது, மீண்டும் இணையாது. ஒருமுறை நான் திறந்த இயந்திரத்தில், யாரோ ஃபியூஸின் இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்திருந்தார்கள். அந்த ஒயரின் உறை பழுப்பேறிச் சுருங்கியிருந்தது; ஒரு சாண் தொலைவில் துணிகளிலிருந்து உதிர்ந்த பஞ்சு திரண்டு கிடந்தது. இன்னும் சில நாள் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு அச்சமாக இருந்தது. தயவுசெய்து இதை மட்டும் யாரும் செய்யாதீர்கள்.

ஆகவே புதிய ஃபியூஸைப் பொருத்துமுன் பஞ்சைத் தேடுங்கள். வடிகட்டி வலை கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும், துணியை மென்மையாக்கப் போடும் தாள்களின் மெழுகுப் படலம் அதன் கண்களை அடைத்திருக்கக்கூடும். வலையில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வழிந்து இறங்காமல் தேங்கினால், சோப்பு நீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பின் மாட்டுங்கள். அடுத்து, பின்புறக் குழாயைக் கழற்றி முழு நீளத்தையும் சுத்தம் செய்யுங்கள். மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் குழாயாக இருந்தால், அதற்குப் பதிலாக வழவழப்பான உலோகக் குழாயைப் போடுவதே நல்லது.

எரிவாயு டிரையரில் தீ மூட்டும் பாகமான இக்னைட்டர் ஒளிர்ந்து, சுடர் வராமலே அணைந்தால், கேஸ் வால்வின் காயில்களைச் சந்தேகிக்கலாம். அந்த வேலை பயிற்சி பெற்றவருக்கே உரியது.

எல்லாம் முடிந்ததும் டிரையரை ஓடவிட்டு, குழாயின் வெளிமுனைக்குச் சென்று பாருங்கள். அங்குள்ள மூடி நன்றாகத் திறந்து, வெதுவெதுப்பான காற்று விசையோடு கையில் பட வேண்டும். மூடி அரைகுறையாகத் துடித்துக்கொண்டிருந்தால் அடைப்பு இன்னும் இருக்கிறது. புதிய ஃபியூஸும் போய்விடும்.