உப்பு வற்றினால் விளையும், கற்கண்டு ஆறினால் விளையும், சுண்ணாம்பு கொதித்தால் படியும்

ஆனையிறவு உப்பளத்தில் உப்பு விளைய வெயிலும் காற்றும் வேண்டும். கற்கண்டு விளையக் காய்ச்சிய பாகு ஆற வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கேத்திலில் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறது. மூன்றிலும் நடப்பது ஒன்றுதான்: தண்ணீரில் கரைந்திருந்த பொருள் மறுபடி திண்மமாக வெளியே வருகிறது. ஆனால் ஒன்றுக்குத் தண்ணீர் வற்ற வேண்டும், ஒன்றுக்குச் சூடு இறங்க வேண்டும், மற்றதற்குச் சூடு ஏற வேண்டும். இந்த வேறுபாட்டின் காரணம் பிடிபட்டால், நம் வீட்டுக் கேத்திலில் இருந்து தோட்டக் கிணறு வரை பல விடயங்கள் தெளியும்.

முதலில் கரைதல் என்றால் என்ன என்று பார்ப்போம். ஓர் உப்புக்கல்லுக்குள் நேரேற்றமுள்ள சோடியம் அயன்களும் மறையேற்றமுள்ள குளோரைட்டு அயன்களும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் பிடிப்பு மிக இறுக்கமானது. உப்பை உருக்குவதற்கே 801 பாகை செல்சியஸ் வேண்டும். 58.5 கிராம் உப்பின் அயன்களை முற்றாகப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 787 கிலோயூல் சக்தி தேவை. அப்படிப்பட்ட கல்லை அறைவெப்பநிலையில் இருக்கும் தண்ணீர் சில நிமிடங்களில் கரைத்துவிடுகிறது.

தண்ணீர் மூலக்கூறின் வடிவம்தான் இதற்குக் காரணம். அது நேர்கோடாக இல்லை; இரண்டு ஐதரசன்களும் 104.5 பாகைக் கோணத்தில் வளைந்து நிற்கின்றன. அதனால் ஒட்சிசன் பக்கம் சற்று மறையேற்றமும் ஐதரசன் பக்கம் சற்று நேரேற்றமும் கொண்டிருக்கும். கல்லின் ஓரத்தில் உள்ள சோடியத்தை ஒட்சிசன் பக்கத்தாலும், குளோரைட்டை ஐதரசன் பக்கத்தாலும் தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன. தண்ணீருக்குள் இரண்டு அயன்களுக்கு இடையிலான கவர்ச்சி, வெற்றிடத்தில் இருப்பதில் ஏறக்குறைய எண்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கல்லை உடைக்கச் செலவான சக்தியில் 4 கிலோயூல் அளவு தவிர மீதியெல்லாம், அயன்களைத் தண்ணீர் சூழும்போது திரும்பக் கிடைத்துவிடுகிறது.

அந்த 4 கிலோயூலைச் சுற்றியுள்ள தண்ணீரே கொடுக்கிறது. ஆகவே உப்புக் கரையும்போது தண்ணீர் சற்றுக் குளிரும். சக்தி நட்டத்தில் இருந்தும் ஏன் கரைகிறது? அடுக்கில் ஓரிடத்தில் கட்டுண்டு கிடந்த அயன்கள் தண்ணீர் முழுவதும் பரவுவதற்கு எண்ணிலடங்காத விதங்கள் உண்டு. இயற்கை அந்தப் பக்கம் சாய்கிறது. யூரியாவில் இது கைக்கே தெரியும். ஒரு கிலோ யூரியாவை 5 லீற்றர் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் வெப்பநிலை ஏறக்குறைய 10 பாகை இறங்கும். வாளியின் வெளிப்புறம் சில்லிட்டுப் போகும். குளிர்ந்த தண்ணீரில் மீதி மணிகள் மெதுவாகத்தான் கரையும். கரைந்துவிட்டது என்று நினைத்து உடனே மருந்தடிக்கும் மெசினில் ஊற்றினால் அடியில் கிடந்த மணிகள் வாயை அடைத்துக்கொள்ளும். கால் மணித்தியாலம் வெயிலில் வைத்து, மறுபடி கலக்கி, துணியில் வடித்து, அதன்பிறகே தேவையான அளவுக்கு ஐதாக்க வேண்டும்.

பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. கலக்குவதும் பொடியாக்குவதும் கரையும் வேகத்தைத்தான் கூட்டும். கரையக்கூடிய மொத்த அளவைக் கூட்டாது. 25 பாகையில் 100 கிராம் தண்ணீர் ஏற்பது 36 கிராம் உப்பு. அதற்குமேல் போட்டது ஒருநாள் முழுக்கக் கலக்கினாலும் அடியில்தான் கிடக்கும். அந்த நிலையில் அயன்கள் கல்லை விட்டுப் போவதும் கல்லில் வந்து ஒட்டுவதும் ஒரே வேகத்தில் நடந்துகொண்டிருக்கும். இதுதான் நிரம்பிய கரைசல். அந்த எல்லையை மாற்றுவது வெப்பநிலை. எந்தப் பக்கம், எவ்வளவு மாற்றும் என்பதில்தான் ஒவ்வொரு பொருளும் வேறுபடுகிறது.

உப்பின் எல்லை சூட்டுக்கு அசைவதே குறைவு. 100 பாகையிலும் 39 கிராம்தான் கரையும். கொதிக்கும் நிரம்பிய உப்புக் கரைசலை ஆறவிட்டால் 3 கிராம் அளவுதான் பிரியும். ஆகவே உப்பு எடுக்கத் தண்ணீரையே போக்க வேண்டும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உண்டு. அதில் நாம் சமையலுக்கு எடுக்கும் சோடியம் குளோரைட்டு முக்கால் பங்குக்குச் சற்று மேல். கடல்நீர் வற்றும்போது எது எப்போது பிரியும் என்பதை 1849இல் உசிலியோ என்ற வேதியியலாளர் அளந்து காட்டினார். ஆயிரம் லீற்றர் கடல்நீர் பாதியாக வற்றும்போது முதலில் சுண்ணாம்பு படியும். ஏறக்குறைய 190 லீற்றராகும்போது ஜிப்சம் தொடங்கும். 95 லீற்றர் அளவுக்கு வந்த பிறகுதான் உப்புப் பளிங்குகள் தோன்றும். உப்பளத்தில் கடல்நீரை ஒரே பாத்தியில் வைத்துக் காய்ச்சாமல் பாத்தி பாத்தியாக மாற்றுவதன் காரணம் இதுவே: சுண்ணாம்பும் ஜிப்சமும் முன்பாத்திகளில் நின்றுவிட வேண்டும். அடர்த்தியை நீர்மானியால் பார்த்து, லீற்றர் ஏறக்குறைய 1.21 கிலோ நிறை வரும்போது கடைசிப் பாத்திக்குள் விடுவார்கள்.

அங்கும் முழுதாக வற்றவிடக் கூடாது. அடர்த்தி 1.25 அளவை எட்டும்போது எஞ்சும் கசப்பு நீரை வெளியேற்ற வேண்டும். அதில் மகனீசியம் உப்புகள் செறிந்திருக்கும். அதை வடிக்காமல் விட்டால் உப்புக் கசக்கும். அதோடு சாடியில் கசியும். தூய சோடியம் குளோரைட்டு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால்தான் ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். மகனீசியம் குளோரைட்டுக்கு 33 வீதமே போதும். கார்த்திகை மழையில் எந்த உப்பும் கொஞ்சம் கசியும். பங்குனி வெயிலிலும் கசிகிற உப்பில் மகனீசியம் மிஞ்சியிருக்கிறது என்று கொள்ளலாம். உப்பளத்துக்கு மழை செய்யும் சேதத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீற்றர் பாத்தியில் 1 சென்ரிமீற்றர் மழை விழுந்தால் 10 லீற்றர் நன்னீர், அது 3.6 கிலோ உப்பைத் திரும்பக் கரைத்துக்கொள்ள வல்லது.

சீனியின் குணம் வேறு. 20 பாகையில் 100 கிராம் தண்ணீரில் 204 கிராம் சீனி கரையும். 100 பாகையில் 487 கிராம். சீனி மூலக்கூறு அயன்களாக உடைவதில்லை. அதைச் சுற்றியுள்ள ஒட்சிசன்-ஐதரசன் கைகள் தண்ணீரோடு கோத்துக்கொள்கின்றன, அவ்வளவே. சூட்டில் இவ்வளவு கூடுதலாகக் கரைவதால், ஆறினாலே மிச்சம் வெளியே வந்தாக வேண்டும். ஆனால் உடனே வராது. மூலக்கூறுகள் வந்து ஒட்டுவதற்கு ஒரு தொடக்கப்புள்ளி வேண்டும். அது கிடைக்கும்வரை பாகு, தாங்கக்கூடிய அளவுக்கு மேல் சீனியைத் தாங்கி மிகைநிரம்பலாக நிற்கும்.

வீட்டில் செய்ய: 200 மில்லிலீற்றர் தண்ணீர், 500 கிராம் சீனி. ஒரு மணிகூட மிஞ்சாமல் கரையும்வரை சூடாக்குங்கள். பாத்திரத்தின் சுவரில் ஒட்டிய சீனியை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். நூலைப் பாகில் தோய்த்து, சீனியில் புரட்டி, ஒரு நாள் காயவிடுங்கள். பாகு இளஞ்சூட்டுக்கு வந்த பிறகு நூலைப் போத்தலில் அடி தொடாமல் தொங்கவிட்டு, துணியால் மூடி, அசைக்காமல் ஒரு கிழமைக்கு மேல் வையுங்கள். 30 பாகையில் அந்தத் தண்ணீர் தாங்குவது 440 கிராம் அளவு. மீதி 60 கிராமும், தண்ணீர் ஆவியாவதால் விடுபடுவதும் நூலில் சேரும். பாகு சூடாக இருக்கும்போது நூலை விட்டால் ஒட்டியிருந்த மணிகள் கரைந்து, வெறும் நூல்தான் மிஞ்சும். சுவரில் சீனி இருந்தாலோ போத்தலை ஆட்டினாலோ ஆயிரம் இடத்தில் பளிங்கு தொடங்கி, எல்லாம் குறுணியாக அடியில் இறுகிவிடும். பனங்கட்டி காய்ச்சுபவர்கள் கடைசியில் துடுப்பால் விடாமல் கிண்டுவது அந்தக் குறுணியை வேண்டித்தான். பனையோலைக் குட்டானில் ஊற்றியதும் இறுக வேண்டுமே.

பாகு என்ன செய்தும் இறுகாமல் இழுபட்டால் பெரும்பாலும் புளிப்புத்தான் காரணம். அமிலமும் மதுவத்தின் (ஈஸ்ட்) நொதியமும் சுக்குரோசை குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் உடைத்துவிடும். அந்த இரண்டும் பளிங்கின் முகத்தில் ஒழுங்காக அடுக்க மாட்டா; அடுக்க வருகிற சுக்குரோசுக்கும் இடைஞ்சல். பனம்பாளையில் கட்டும் முட்டியின் உட்புறத்தில் நீற்றிய சுண்ணாம்பு பூசுவதன் வேதியியல் இதற்குள் இருக்கிறது. சுண்ணாம்பு மதுவத்தை அடக்கி, அமிலத்தை நடுநிலையாக்கி, இறங்குவது கள்ளாகாமல் கருப்பநீராக (பதநீராக) நிற்கச் செய்கிறது. இந்த நீற்றிய சுண்ணாம்பு தண்ணீரில் லீற்றருக்கு 1.7 கிராம் அளவே கரையும். சீனி கலந்த நீரில் அதைவிடக் கூடுதலாகக் கரையும். அதனால் தடிப்பாகப் பூசினால் பனங்கட்டியில் நாக்கை உறுத்தும் காரம் தங்கிவிடும்.

இனிக் கிணற்றுக்கு வருவோம். குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல், அதாவது கல்சியம் காபனேற்று. தூய தண்ணீரில் அது லீற்றருக்கு 14 மில்லிகிராம் அளவே கரையும். அந்தக் கணக்குப்படி நம் கிணறுகளில் மழைநீர் போல மென்னீர் இருக்க வேண்டும். ஆனால் மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு போகிறது. அந்த மென்னமிலம் காபனேற்றை இருகாபனேற்றாக மாற்றுகிறது. அது நன்றாகக் கரையும். இப்படி லீற்றருக்குச் சில நூறு மில்லிகிராம் கல் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீராகிவிடும். நிலாவரைக் கிணறு, இந்தக் கரைதல் நெடுங்காலம் நடந்து உண்டான குகையின் கூரை இடிந்து திறந்த வாய்.

கரைத்தது வாயு. வாயுக்கள் சூட்டில் குறைவாகத்தான் கரையும். சோடாப் போத்தலை வெயிலில் வைத்துத் திறந்தவர்களுக்கு இது தெரியும். தண்ணீர் கொதிக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேற, இருகாபனேற்று மறுபடி காபனேற்றாகிப் படிகிறது. லீற்றருக்கு 300 மில்லிகிராம் இத்தகைய வன்மை (கரைந்திருக்கும் கல்லின் அளவு) உள்ள தண்ணீரில் நாளுக்கு 6 லீற்றர் கொதிக்க வைத்தால், மாதத்துக்கு அதிகபட்சம் 54 கிராம் கல். சிறிது நேரமே கொதிப்பதால் முழுவதும் படியாது. அதில் பாதி படிந்தாலும் கேத்திலின் அடி மூடிவிடும். தேத்தண்ணியின் மேல் எண்ணெய் போல மிதக்கும் ஆடையும் இதே கல்சியமும் இருகாபனேற்றும் தேயிலைச் சாயத்தோடு சேர்ந்து உண்டாக்குவதுதான். சில துளி தேசிக்காய்ப் புளி விட்டால் ஆடை போய்விடும்.

கேத்திலில் படிந்ததை இரும்புக் கரண்டியால் சுரண்டாதீர்கள். 5 வீத வினாகிரி 100 மில்லிலீற்றர், 4 கிராம் அளவு கல்லைக் கரைக்கும். படிவு மூழ்கும்வரை ஊற்றி, இளஞ்சூடாக்கி, ஒரு மணித்தியாலம் விடுங்கள். குமிழி வருவது நின்றும் வெள்ளை மிஞ்சியிருந்தால் அமிலம் தீர்ந்துவிட்டது என்று பொருள். அதை ஊற்றிவிட்டுப் புதிதாக விட வேண்டும். தேசிக்காய்ச் சாறும் வேலை செய்யும். ஆனால் அதில் உண்டாகும் கல்சியம் சித்திரேற்று அவ்வளவாகக் கரையாது, கொதிக்க வைத்தால் வேறொரு வெள்ளைப் படிவாக ஒட்டும். கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளை ஒருபோதும் வினாகிரியோடு சேர்க்காதீர்கள். நச்சுக் குளோரீன் வாயு கிளம்பும்.

துணி தோய்க்கும் தண்ணீருக்குச் சலவைச் சோடா நல்லது. சவர்க்காரம் கல்சியத்தோடு சேர்ந்து தயிர்த்திரை போலத் திரிந்த பிறகுதான் நுரைக்கத் தொடங்கும். அந்த 300 மில்லிகிராம் தண்ணீர் 20 லீற்றருக்கு 17 கிராம் சலவைச் சோடாப் பளிங்கு போட்டுச் சற்று விட்டால், கல்சியம் படிந்துவிடும். நுரைக்காகச் சவர்க்காரத்தை வீணாக்க வேண்டியதில்லை. கொதித்தாலும் போகாத சல்பேற்று வன்மைக்கும் இது சரிவரும்.

இவ்வளவும் திரும்பி வரக்கூடியவை. குடிதண்ணீரில் கரைந்தால் இலகுவில் திரும்பாதவை இரண்டு. ஒன்று கடல்நீர். அளவுக்கு மீறி இறைத்தால் நன்னீர்ப் படையின் அடியில் உள்ள உவர்நீர் மேலெழும். ஆயிரம் லீற்றரில் 20 லீற்றர் கடல்நீர் கலந்தாலே குளோரைட்டு லீற்றருக்கு 380 மில்லிகிராமைத் தாண்டும். 250ஐத் தாண்டினாலே நாக்கு உணரத் தொடங்கும். உப்புப் படிய லீற்றருக்கு 360 கிராம் வேண்டும் என்பதால் அது தானாகப் பிரியும் என்று எதிர்பார்க்க இடமே இல்லை.

மற்றது நைத்திரேற்று. தோட்டத்து உரத்திலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் கிணற்றுக்கு வருவது. நைத்திரேற்றுகள் ஏறக்குறைய எல்லாமே நன்றாகக் கரையும். நிறமில்லை, மணமில்லை, சுண்ணாம்பைப் போலப் படியவும் மாட்டாது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. கொதிக்க வைப்பது கிருமிக்கு மருந்து, இதற்கு அல்ல. 60 மில்லிகிராம் நைத்திரேற்று உள்ள ஒரு லீற்றர் தண்ணீரைக் காய்ச்சி முக்கால் லீற்றராக்கினால், அது லீற்றருக்கு 80 மில்லிகிராம் தண்ணீராகிவிடும். மண் வடிகட்டியும் அதைத் தடுக்காது. எதிர்ச்சவ்வூடு பரவல் (RO) அல்லது அயன் மாற்றும் கருவிகளே பிரிக்கும். கைக்குழந்தை உள்ள வீட்டில் கிணற்றுத் தண்ணீரை ஆய்வுகூடத்தில் கொடுத்து நைத்திரேற்றை அளப்பித்து, எல்லை தாண்டியிருந்தால் பால்மாவுக்கு வேறு தண்ணீர் எடுங்கள்.