அணைக்குக் கீழே இருக்கும் ஊருக்கு என்ன உரிமை?

2017 நவம்பர் 29 அன்று கிருஷ்ணகிரி அணையின் முதல் ஷட்டர் உடைந்தது. அணை ஏறக்குறைய நிரம்பியிருந்த நேரம் அது. தென்பெண்ணைக் கரையோர ஊர்களுக்குக் கடலூர் வரை வெள்ள எச்சரிக்கை போனது. உடைந்தது இரும்பு ஷட்டர் என்பதால் அந்த ஒரு மதகுக் கண்ணின் அகலத்துக்குத்தான் தண்ணீர் வெளியேறியது. மண்கரை உடைந்தால் அப்படி நிற்காது. தண்ணீர் ஓட ஓட மண்ணையும் அரித்துக்கொண்டு போகும், உடைப்பு அகலமாகிக்கொண்டே இருக்கும். 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மச்சு அணையில் வெள்ளம் மண்கரைக்கு மேலேறியது. கீழே இருந்த மோர்பி நகரமே மூழ்கியது. 2019 ஜூலையில் மகாராஷ்டிராவின் திவரே என்ற சிறிய மண் அணை இரவில் உடைந்தது. கரை கசிவதை முன்பே சொல்லியிருந்தோம் என்றார்கள் அந்த ஊர்க்காரர்கள்.

வாணியாறு, தொப்பையாறு, நாகாவதி, பஞ்சப்பள்ளி சின்னாறு, வறட்டாறு என்று நம் தருமபுரிப் பக்கத்து அணைகளுக்கும் வயதாகிக்கொண்டே இருக்கிறது. மண்கரையை நம்பி நிற்கும் அணைகளுக்குக் கீழே குடியிருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்று உண்டு: அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021. அந்த ஆண்டு டிசம்பர் 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாநில உரிமையைத் தொடுகிறது என்று தமிழ்நாட்டிலிருந்து இதற்கு எதிர்ப்பு எழுந்தது. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். கரைக்குக் கீழே வீடு வைத்திருப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள எல்லா அணைகளும் இந்தச் சட்டத்துக்குள் வரும். 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவை, கரை நீளம் 500 மீட்டருக்குக் குறையாமல் இருந்தாலோ, 10 லட்சம் கன மீட்டருக்குக் குறையாமல் தண்ணீர் பிடித்தாலோ வரும். இன்னும் சில நிபந்தனைகளும் உண்டு. ஊர் ஏரிகள் பெரும்பாலும் இந்த உயரத்தைத் தொடுவதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டி, ஏரித் தண்ணீர் வண்டிகளை உருட்டிக்கொண்டு போனதை எல்லாரும் பார்த்தோம். அந்த மாதிரி ஏரிகளுக்கு இந்தச் சட்டம் கை கொடுக்காது என்பது பெரிய குறைதான்.

சுரங்கக் கழிவுச் சேற்றைத் தேக்கும் மண் அணைகளும் இதில் வராது, ஏனென்றால் ஆற்றின் குறுக்கே தண்ணீருக்காகக் கட்டியதைத்தான் சட்டம் அணை என்கிறது. பிரேசிலின் புருமாடின்யோவில் 2019 ஜனவரி 25 அன்று உடைந்தது அப்படிப்பட்ட கழிவு அணைதான். 1970-களில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக் கட்டியது. சுமார் 270 பேர் இறந்தார்கள். கழிவு கொட்டுவதை நிறுத்தி ஆண்டுகள் ஆகியிருந்தும் உடைந்தது.

சரி, அணையை வைத்திருப்பவர், அதாவது நம் ஊரில் நீர்வளத் துறை, என்ன செய்ய வேண்டும்? மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை அணையை ஆய்வு செய்ய வேண்டும். வெள்ளமோ நில அதிர்வோ வந்தாலும், கரையில் ஏதாவது கோளாறு தெரிந்தாலும் மறுபடி ஆய்வு. தனி நிபுணர் குழுவை வைத்து முழுப் பாதுகாப்பு மதிப்பீடு செய்ய வேண்டும். முதல் மதிப்பீட்டுக்குச் சட்டம் வந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு, அதாவது 2026 டிசம்பர் இறுதி வரை கெடு. பழைய அணைகளுக்கு அவசர காலச் செயல்திட்டம் தயாரிக்கவும் அதே கெடுதான். அணை உடைந்தால் எந்த ஊருக்கு ஆபத்து, யார் யாரை எச்சரிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இந்தச் சட்டப்படி கடமை செய்யும் அதிகாரிகளைத் தடுத்தாலோ, சட்டப்படி வந்த உத்தரவை மீறினாலோ ஓராண்டு வரை சிறை. அதனால் உயிர் போனாலோ, போகும் ஆபத்து வந்தாலோ இரண்டாண்டு வரை.

நமக்கு நேரடியாகப் பயன்படுவது இன்னொரு பிரிவு. எவ்வளவு தண்ணீர் வரலாம், எவ்வளவு திறக்கலாம், அதனால் கீழே யாருக்கு என்ன பாதிப்பு என்ற தகவலை அதிகாரிகளுக்கு மட்டுமல்ல, பொதுமக்களுக்கும் தெரியும்படி வைக்க வேண்டும் என்கிறது அது. ஆகவே அணையைப் பற்றி விவரம் கேட்க யாருக்கும் தயக்கம் வேண்டாம். கரையில் நடந்தவர் எவரும் கேட்கலாம்.

கரையில் எதைப் பார்ப்பது? மண்கரை கொஞ்சம் கசிவது இயல்பு. வெளிக்கரையின் அடியில் தெளிந்த நீர் ஒரே அளவில் வடிந்தால் பயமில்லை. அந்த நீர் கலங்கலாக வந்தால் கரைக்குள்ளிருந்து மண் கழன்று வருகிறது என்று பொருள். உள்ளே ஒரு குழாய் போல வழி விழுகிறது. அதற்கு மேல் தள்ளிப்போட நேரமில்லை. கரையடியில் புதிதாக ஊற்று கிளம்புவது, மணல் கொப்புளித்து வருவது, கரை மேல் நீளவாக்கில் வெடிப்பு, ஓரிடம் மட்டும் உள்வாங்குவது ஆகியவையும் அப்படியே. எலி வளை, நண்டு வளைகளைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். சீமைக்கருவேலம் பச்சைப் பசேலென்று கரையைப் பிடித்துக்கொண்டிருப்பது போலத் தெரியும். ஆனால் மரம் பட்டு வேர் மக்கினால் அந்த இடம் தண்ணீருக்கு வழியாகிவிடும்.

கலங்கல் நீரைப் பார்த்தால் மனு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே அணையில் இருக்கும் பணியாளரிடம் சொல்லுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-ல் கூப்பிடுங்கள். இடம் தெரியும்படி ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.

அவசரமில்லாத கேள்விகளுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. நீர்வளத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதலாம், பதில் தர 30 நாள் கெடு. உயிருக்கு ஆபத்து சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். "அணை பாதுகாப்பாக உள்ளதா?" என்று கேட்டால் "ஆம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: கடைசி இரண்டு ஆய்வு அறிக்கைகளின் நகல், அதில் சொன்ன பழுதுகளில் எவை சரிசெய்யப்பட்டன, நிபுணர் குழு மதிப்பீடு எந்த நிலையில் இருக்கிறது, அவசரத் திட்டத்தில் எங்கள் ஊர் பெயர் இருக்கிறதா. கிடைத்த பதிலை எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு நாலு பேராகப் போங்கள். அங்கே கொடுக்கும் மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம்.