முதலில் கையைக் காட்டுங்கள், எல்போ சப்போர்ட் அப்புறம் வாங்கலாம்

போன வாரம் மேலூர்ப் பக்கமிருந்து ஒரு அப்பாவும் பையனும் என் கிளினிக்குக்கு வந்தார்கள். பையனுக்கு 15 வயது, பள்ளி மல்யுத்த அணியில் இருக்கிறான். வலது முழங்கையில் கறுப்பு நிற எல்போ சப்போர்ட், அதாவது முழங்கை உறை. "இது மூணாவது மேடம். மொதல்ல வாங்குனது லூசா இருந்துச்சு, ரெண்டாவது பத்தல. இதுவும் சரியா நிக்க மாட்டேங்குது. நல்லதா ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார் அப்பா.

கழற்றச் சொன்னேன். உறையின் மேல்விளிம்பு அழுத்திய இடத்தில் தோல் வரி வரியாகச் சிவந்திருந்தது. குப்பென்று தைல வாசம். "ரெண்டு கையையும் நீட்டு தம்பி" என்றேன். இடது கை நேராக நீண்டது. வலது கை முக்கால்வாசியில் நின்றுவிட்டது. முழங்கையின் உட்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு மேட்டில் லேசாக விரல் வைத்தேன். சத்தமே போடவில்லை, முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அடிபட்டு 17 நாள் ஆகியிருந்தது. எதிராளி தூக்கிப் போட்டபோது கையைப் பயிற்சி விரிப்பில் ஊன்றியிருக்கிறான். அன்றைக்கே வீங்கியிருக்கிறது. சுளுக்குத்தானே என்று எல்போ சப்போர்ட் வாங்கி மாட்டி, நாலு நாள் கழித்துத் திரும்பவும் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், அந்த உட்பக்க மேட்டிலிருந்து ஒரு எலும்புத் துண்டு பெயர்ந்து விலகி நிற்கிறது. அப்படியே எலும்பு மருத்துவரிடம் அனுப்பி வைத்தேன்.

இந்த வருடம் என்னிடம் இப்படி வந்த நான்காவது கை இது. நான்கு பேருமே உறை மாட்டிக்கொண்டுதான் வந்தார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

"சப்போர்ட்" என்று பெயர் வைத்ததிலேயே பாதிப் பிரச்சினை ஆரம்பிக்கிறது. கம்பு நட்டுக் கொடியைக் கட்டுவதுபோல இது கையைத் தாங்கிப் பிடிக்கும் என்று எல்லாரும் நம்புகிறார்கள். அந்த அப்பாவும் அப்படித்தான் நம்பினார். மேசையில் கிடந்த நாளிதழைச் சுருட்டி, அவர் மகனின் உறைக்குள் நுழைத்து, அவர் கையிலேயே கொடுத்து மடக்கச் சொன்னேன். மடங்கியது. மறுபக்கம் மடக்கச் சொன்னேன். அதே மாதிரி மடங்கியது. ஒன்றும் பேசாமல் இன்னொரு முறையும் மடக்கிப் பார்த்தார்.

நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது ரப்பர் மாதிரியான நியோபிரீன் அல்லது பின்னல் துணி உறை. கை உள்பக்கம் மடங்க விடும் அதே துணி, பின்பக்கம் மடங்கும்போது மட்டும் எப்படித் தடுக்கும்? குஸ்தியில் முழங்கை கெடுவது பெரும்பாலும் அப்படித்தான். கீழே விழும்போது கையை நீட்டி ஊன்றுகிறார்கள். தன் எடை, மேலே விழுகிறவன் எடை, இரண்டும் சேர்ந்து நேரான கையை அதற்கு மேலும் பின்னால் தள்ளுகிறது. உட்பக்க ஜவ்வு கிழிகிறது, அல்லது மூட்டே விலகுகிறது. அந்த நேரத்தில் ஒரு துணி உறையால் எதையும் நிறுத்த முடியாது.

அப்படியென்றால் உறை வீணா? இல்லை. மூட்டைச் சூடாக வைத்திருக்கும். லேசான வீக்கத்தை அமுக்கி வைக்கும். விரிப்பில் உரசித் தோல் வழண்டுபோகாமல் காக்கும். தோலின் மேல் ஒன்று பிடித்துக்கொண்டிருப்பதால் கை எந்த வாட்டத்தில் இருக்கிறது என்ற உணர்வும் கொஞ்சம் கூடும். சரியாகிக்கொண்டிருக்கும் கைக்கு இதெல்லாம் நல்ல உதவி. உடைந்த கைக்கு இதில் எதுவுமே உதவாது. வலியைக் கொஞ்சம் மறைத்து, "பரவாயில்லையே, போடலாம் போலிருக்கே" என்று நினைக்க வைக்கும். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

இதற்கு அடுத்தது, "இறுக்கமா இருந்தாத்தான் பிடிப்பா இருக்கும்" என்ற எண்ணம். கிளினிக்கில் இதை நான் சொல்லாத நாள் இல்லை. மூட்டைப் பிடித்து வைத்திருப்பது எலும்பின் அமைப்பும் ஜவ்வும் சுற்றியுள்ள தசையும். வெளியிலிருந்து எவ்வளவு இறுக்கினாலும் முதலில் நசுங்குவது தோல், அப்புறம் ரத்தக்குழாயும் நரம்பும். முழங்கையை எதிலாவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை ஷாக் அடிக்குமே, அந்த நரம்பு உட்பக்க எலும்பு மேட்டுக்குப் பின்னால் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. சைஸ் சின்ன உறையை மாட்டினால் அதன் மேல்தான் அழுத்தம் விழும். மோதிரவிரலும் சுண்டுவிரலும் மரத்துப்போனால் அது "பழகப் பழகச் சரியாயிடும்" சமாச்சாரம் இல்லை. உடனே கழற்றுங்கள்.

இதைவிட ஆபத்தானது, வீங்கிய கையில் கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றிக்கொண்டு தூங்குவது. ராத்திரியில் வீக்கம் ஏற ஏற, கட்டு தானாகவே இறுகும். விரல் நுனி வெளுத்துச் சில்லிட்டிருந்தாலோ, மற்றொருவர் விரலை நிமிர்த்தும்போது உயிர் போகிற மாதிரி வலித்தாலோ, கட்டைக் கத்தரித்துவிட்டு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையோ எதுவோ, பக்கத்திலுள்ள அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சில மணி நேரத் தாமதத்திலேயே தசை செத்துப்போகலாம்.

சரி, எதை வாங்குவது? டவுன்ஹால் ரோட்டில் கடை ஏறினால் நாலைந்து வகை எடுத்துப் போடுவார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று நீங்கள் சொன்னால்தானே அவர் எடுத்துக் கொடுக்க முடியும்?

முழங்கை முனை விரிப்பில் உரசி எரிகிறது, அடிக்கடி இடிபடுகிறது என்றால் பின்பக்கம் மெத்தென்ற பேட் வைத்த உறை போதும். ஆனால் முனையில் கோழிமுட்டை மாதிரி வீங்கி, சிவந்து, தொட்டால் சுடுகிறது என்றால் அது சீழ் பிடித்ததாக இருக்கலாம். அதற்கு மேல் பேட் மாட்டக் கூடாது, மருத்துவர் பார்க்க வேண்டும்.

எதிராளியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துப் பிடித்து முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறதா? அதற்குப் பெரிய உறை வேண்டாம், டென்னிஸ் எல்போ பெல்ட் என்று கேட்டு வாங்குங்கள். டென்னிஸ் ஆடாதவருக்கும் அதே பெல்ட்தான். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அதை எலும்பு மேட்டின் மேலேயே கட்டியிருக்கிறார்கள். மேட்டிலிருந்து இரண்டு விரல் அகலம் கீழே இறங்கி, முன்கைச் சதையின் மேல் கட்ட வேண்டும். தூங்கும்போது கழற்றிவிட வேண்டும்.

ஏற்கெனவே கை பின்னால் மடங்கி ஜவ்வு அடிபட்டு, சிகிச்சை முடிந்து திரும்பி வருகிறவர்களுக்கு உண்மையிலேயே தடுப்பு தேவை. அந்த வேலையைத் துணி உறையைவிடச் சரியாகப் போட்ட ஸ்போர்ட்ஸ் டேப் நன்றாகச் செய்யும். முழங்கையைக் கொஞ்சம் மடித்து வைத்து, மடிப்புக்கு முன்னால் பெருக்கல் குறி மாதிரி ஒட்டுவோம். முழுதாக நீளும் முன்பே டேப் இழுத்துப் பிடிக்கும். இழுபடாத டேப்பாக இருக்க வேண்டும், கற்றவர் ஒட்ட வேண்டும், வியர்வையில் இளகினால் மாற்ற வேண்டும். மதுரை வெயிலில் ஒரு பயிற்சி நேரம் தாங்கினாலே பெரிது. பக்கத்தில் கம்பியும் கீலும் வைத்த ஹிஞ்ச் பிரேஸ் இதைவிடப் பலமானது. ஆனால் அது குணமாகும் காலத்துக்கும் தனியாகச் செய்யும் பயிற்சிக்கும் உரியது. அதை மாட்டிக்கொண்டு ஜோடி பிடித்தால் எதிரே இருக்கும் பிள்ளையின் பல்லோ கண்ணோ போய்விடும்.

போட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். சர்வதேச மல்யுத்த விதிப்படி, காயமோ மருத்துவர் ஆலோசனையோ இல்லாமல் கையில் கட்டுப் போடக் கூடாது. எதிராளியைக் காயப்படுத்தக்கூடிய எதையும் அணியவும் கூடாது. எடை பார்க்கும் நாளில் வந்து "இதைப் போட்டுக்கலாமா" என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். மருத்துவரின் சீட்டை முன்கூட்டியே வாங்கிக் கோச்சிடம் கொடுத்துவிடுங்கள்.

சைஸ் விஷயத்துக்கு வருகிறேன். வளர்கிற பிள்ளை என்று ஸ்கூல் யூனிஃபார்ம் பெரிதாக எடுப்பதுபோல இதையும் எடுக்காதீர்கள். லூசான உறை பாதிப் பயிற்சியில் மணிக்கட்டுக்கு இறங்கிவிடும், பையனின் கவனம் முழுக்க அதை ஏற்றி விடுவதிலேயே போகும். ஒவ்வொரு தயாரிப்புக்கும் அளவெடுக்கும் இடம் கொஞ்சம் மாறும். அட்டையில் போட்டிருக்கும் படத்தைப் பார்த்து, அந்த இடத்தில் இஞ்சு டேப் வைத்து அளந்து வாங்குங்கள். மாட்டியபின் விளிம்புக்குள் ஒரு விரல் சிரமமில்லாமல் நுழைய வேண்டும். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் வெளுப்பு மாறிச் சிவப்புத் திரும்ப வேண்டும். கடையிலேயே பத்து தண்டால் எடுக்கச் சொல்லிப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

தைலம் தடவி அதன் மேல் உறை மாட்டவே மாட்டாதீர்கள். மூடி வைத்த சூட்டில் தோல் வெந்து கொப்புளம் போடும். பயிற்சி முடிந்ததும் ஈர உறையைப் பையில் திணித்து மறுநாள் அப்படியே எடுத்து மாட்டுவதும் கூடாது. விரிப்பில் குஸ்தி பிடிக்கிறவர்களிடம் படர்தாமரை எவ்வளவு வேகமாகப் பரவும் என்று எந்தக் கோச்சையும் கேளுங்கள். தினமும் சோப்புப் போட்டு அலசி நிழலில் காயப் போடுங்கள். ஒருவர் உறையை இன்னொருவர் மாட்ட வேண்டாம், அண்ணன் தம்பியாக இருந்தாலும்.

செல்லூரில் கபடி ஆடும் பிள்ளைகளுக்கும், வாடிவாசலுக்கு வெளியே விழுந்து கையை ஊன்றுகிறவர்களுக்கும் நான் சொல்வது எல்லாமே பொருந்தும்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அடிபட்ட முழங்கையை எண்ணெய் போட்டு நீவாதீர்கள், சுளுக்கு எடுக்கிறோம் என்று இழுத்து மடக்காதீர்கள். பாசத்தில்தான் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் முழங்கை மற்ற மூட்டு மாதிரி இல்லை. அடிபட்ட சதையை அழுத்தி நீவினால், அந்தச் சதைக்குள்ளேயே எலும்பு வளரத் தொடங்கிவிடலாம். அப்படி ஆன கை பாதி மடக்கிலேயே இறுகிவிடும். சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் ஸ்பூனில் சாப்பிடும் ஒரு பெரியவருக்கு நான் மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்திருக்கிறேன்.

அடிபட்டால் இதை மட்டும் பாருங்கள். இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டச் சொல்லுங்கள். அடிபட்ட கை மற்றதைப்போல முழுதாக நீளவில்லையென்றால் எக்ஸ்ரே எடுக்காமல் விடாதீர்கள். பிள்ளைகளுக்கு நன்றாக நீண்டாலும், எலும்பைத் தொட்டால் வலிக்கிறது என்றாலே எக்ஸ்ரே வேண்டும். 15, 16 வயதிலும் அந்த உட்பக்க மேடு மற்ற எலும்போடு முழுதாக ஒட்டாமல் இருக்கலாம். பெரியவருக்கு ஜவ்வு கிழிகிற அதே விழுதலில் பிள்ளைக்கு எலும்பே பெயர்ந்து வரும். எக்ஸ்ரே எடுக்கும்வரை துணித் தூளியில் கையைத் தொங்கவிட்டு, துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வையுங்கள்.

கோச்சுகளிடம் எனக்கு இருப்பது ஒரே வேண்டுகோள். கையை ஊன்றாமல், மடக்கி உடம்போடு சேர்த்து உருண்டு விழுவதைப் பிடி கற்றுக்கொடுக்கும் முன்பே கற்றுக்கொடுங்கள், வாரா வாரம் திரும்பச் செய்ய வையுங்கள். வலிக்கிறது என்று சொல்கிற பிள்ளையை "சப்போர்ட் போட்டுட்டு வா" என்று மட்டும் அனுப்பாதீர்கள்.

மேலூர்ப் பையனுக்கு இப்போது மாவுக்கட்டு. மூன்று உறைக்குச் செலவான பணத்தைச் சொல்லிச் சொல்லி அவன் அப்பா வருத்தப்பட்டார். பணம் போகட்டும் அண்ணே என்றேன். கட்டுப் பிரித்ததும் அவனை என்னிடம் அழைத்து வாருங்கள், அந்த உறைகளையும் கொண்டுவாருங்கள், எது அவன் கைக்குச் சரியாக இருக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன், அதுவரை அலமாரியில் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.