உங்க பையன்

"டீச்சர், உங்க பையன் இன்னைக்கு வந்திருக்கான்." பள்ளிக்குள் கால் வைத்ததும் வகுப்பாசிரியை இப்படித்தான் சொல்வார். அன்பாகச் சொல்வதுதான். ஆனாலும் அந்த 'உங்க' எனக்கு உறுத்தும். நான் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியை, அதாவது மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி பள்ளியாகப் போய்க் கற்றுக்கொடுப்பவள். என் பொறுப்பில் பல பள்ளிகள் இருக்கின்றன. ஒரு பள்ளிக்கு வாரம் ஒருநாள் போக முடிந்தாலே பெரிது. மீதி நான்கு நாளும் நான்காம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் அவன் யாருடைய பையன்?

அவன் அம்மா பூக்கட்டி விற்பவர். "முழம் 30 ரூபாய், மூணு முழம் வாங்கிட்டு 100 ரூபாய் கொடுத்தா?" என்று கேட்டால், கேள்வி முடியுமுன்னே "பத்து ரூபா மீதி" என்பான். அதே கணக்கை நோட்டில் எழுதிக் கொடுத்தால் தலையைக் குனிந்துகொள்வான். அரசுப் பள்ளிகளின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிப்பார்களே, அதில் மற்ற பிள்ளைகள் மேலே போய்விட்டார்கள், இவன் அரும்பிலேயே நின்றான். "மண்டையில ஏறல டீச்சர்" என்றார் அம்மா. கூடவே, "இவங்க அப்பாவும் இப்படித்தான், எழுத்துக்கூட்டவே வராது" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் குறித்துக்கொண்டேன். டிஸ்லெக்ஸியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு குடும்பவழியாக வருவது அடிக்கடி காண்பதுதான்.

அவன் நோட்டைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்ப்போம். 'தேன்' என்று சொன்னால் 'தனே்' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. யோசித்துப் பாருங்கள், அவன் காதில் முதலில் விழுவது 'த்', அடுத்துதான் 'ஏ'. விழுந்த வரிசையிலேயே த எழுதி, இரட்டைக்கொம்பைப் போட்டு, ன் எழுதிவிட்டான். நம் எழுத்தில் கொம்பு இடப்பக்கம் முந்திக்கொண்டு நிற்கும், ஒலியோ பிந்தி வரும். 'கொ' என்றால் ஒரே ஒலி எழுத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கும். பெரும்பாலான பிள்ளைகள் இதைப் பார்த்துப் பார்த்தே பழகிவிடுகிறார்கள். சில பிள்ளைகளுக்கு இதைப் பிரித்து, நிறுத்தி, பலமுறை காட்ட வேண்டும். அவனுடைய தவறில் ஒரு ஒழுங்கு இருந்தது. அந்த ஒழுங்கைப் பார்த்துவிட்டால் எங்கிருந்து தொடங்குவதென்று தெரிந்துவிடும்.

நாங்கள் செய்தது சின்ன வேலைதான். அட்டையில் எழுத்துகளை வெட்டினோம், கொம்புகளை மட்டும் சிவப்பில். முதலில் த அட்டையை வைப்பான், பிறகு கொம்பை எடுத்து இடப்பக்கம் நகர்த்துவான், வாயால் 'தே' என்பான். தட்டில் ரவையைப் பரப்பி விரலால் எழுதினான். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றில் ஒரு வரி மட்டும் தெரியும்படி நீளமாக ஜன்னல் வெட்டிக் கொடுத்தேன். அதைப் புத்தகத்தின்மேல் வைத்தால் மற்ற வரிகள் கண்ணில் விழுந்து குழப்பாது. வகுப்பாசிரியையிடம் நான் கேட்டது மூன்றே மூன்று: எல்லார் முன்னாலும் அவனைச் சத்தமாக வாசிக்கச் சொல்லாதீர்கள், கரும்பலகையில் இருப்பது முழுவதையும் எழுதச் சொல்லாதீர்கள், அறிவியலிலும் சமூக அறிவியலிலும் அவன் வாயால் சொல்லும் பதிலுக்கு மதிப்பெண் போடுங்கள்.

இன்னொரு பள்ளியில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. "கூப்பிட்டா திரும்பவே மாட்டா, அவ்வளவு பிடிவாதம்" என்றார்கள். அவளுக்குப் பின்னால் நின்று மெல்லப் பெயர் சொன்னேன், அசையவில்லை. காதில் அடிக்கடி சீழ் வந்திருக்கிறது, வீட்டில் எண்ணெய் காய்ச்சி ஊற்றியிருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சீழ் வடியும் காது டாக்டர் பார்க்க வேண்டிய காது. சிகிச்சை எடுத்து, முன்வரிசைக்கு மாறியபின் அவள் பேச்சே கூடிவிட்டது. படிப்பு வரவில்லை என்று எந்தப் பிள்ளையைச் சொன்னாலும் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொல்வது அதனால்தான்.

டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்குத் தரும் சான்றிதழைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன, கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியபோதுதான் இதுவும் சேர்ந்தது. பிள்ளைகளிடம் கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிவது பள்ளியின் கடமை என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்குச் சான்றிதழ் வேண்டும். ஆனால் அது எட்டு வயதை ஒட்டித்தான் கிடைக்கும். ஒன்றாம் வகுப்பிலேயே தடுமாறும் பிள்ளையை அதுவரை காக்கவைக்கலாமா? அட்டை வெட்டவும் ரவை பரப்பவும் எந்த முத்திரையும் தேவையில்லை.

நான்காம் வகுப்புப் பையனிடம் வருகிறேன். இப்போது ஐந்தாம் வகுப்பு. இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கிறான். போன பருவத் தேர்வின்போது நான் போயிருந்தேன். ஆசிரியை அவன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, கேள்விகளை நிதானமாகப் படித்துச் சொல்லத் தொடங்கினார். இரண்டாவது கேள்வி முடிவதற்குள் வினாத்தாளைத் தூக்கிக்கொண்டு இன்னும் நான்கு பிள்ளைகள் அவனை ஒட்டி வந்து உட்கார்ந்தார்கள். அந்த நால்வர் பெயரும் என் பதிவேட்டில் இல்லை. ஆசிரியை என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முதல் கேள்வியிலிருந்து ஐந்து பேருக்கும் சேர்த்து மறுபடி படித்தார்.