வாசல் மயிலைத் தட்டிப் பாருங்கள்

மொரீஷியஸின் ரோஸ்ஹில்லில் ஒரு வீட்டு வாசல் தூணின் மேல் சிமென்ட் மயில் ஒன்று நிற்கிறது. தோகையை இறக்கி, தலையைத் தெருப் பக்கம் திருப்பியபடி. அந்த வீட்டு அம்மாவின் கணவர் 90களில் தன் கையாலேயே செய்தது. மதில் விரிசலைப் பார்க்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். என் கண் மயிலிடம் போனது. தைப்பூசத்துக்கு அடித்த புது நீலத்துக்குள், உள்ளே கம்பி ஓடும் வழியிலேயே மயிரிழைக் கோடு. அதன் ஓரம் காவிக் கசிவு.

சின்னச் சுத்தியலால் தட்டினேன். கழுத்தில் 'டங்' என்றது. இறக்கைக்கு அடியில் 'பொத்' என்றது. இன்னொரு தட்டில் உள்ளங்கை அகலத்துக்குச் சில்லு பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. உள்ளே 8 மி.மீ. கம்பி பாதியாக இளைத்து, சுற்றிலும் அடுக்கடுக்காகத் துரு. பள்ளிப் பேருந்துக்காகப் பிள்ளைகள் நிற்கும் இடம் அதற்கு நேர் கீழே.

"போன மாசந்தானே தம்பி பெயிண்ட் அடிச்சோம்?" என்றார் அந்த அம்மா.

மொரீஷியஸ் வீடுகளில் இதை அடிக்கடி கேட்கிறேன். பெயிண்ட் விரிசலை மறைக்கும்; துருவை நிறுத்தாது. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளிருக்கும் கம்பியைக் காக்கிறது. காற்றிலுள்ள கரியமிலவாயு வருஷக்கணக்கில் அந்தக் காரத்தைக் குறைக்கிறது. உப்பு இருந்தால் காரம் இருக்கும்போதே கம்பி அரிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதனால் பூச்சைப் பிளந்து தள்ளும். சிலைகளில் இது சீக்கிரம் நடக்கிறது. இறகு, விரல், காது மாதிரி மெல்லிய இடங்களில் கம்பிக்கு மேல் ஒரு விரற்கடைப் பூச்சுகூட இருக்காதே.

ரோஸ்ஹில் கடலோரம் இல்லையே, உப்பு எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். பழைய கலவையில் மணல் எது என்று பாருங்கள். 2001இல் தடை வரும்வரை இங்கே கடல் காயலில் அள்ளிய பவள மணலைத்தான் நிறைய பேர் பயன்படுத்தினார்கள். சரியாகக் கழுவாத மணலோடு உப்பும் சிலைக்குள் போய்விடும்.

கோயில் கோபுரச் சுதைகளுக்கு 12 வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகத் திருப்பணி உண்டு. வீட்டு வாசல் சிங்கத்துக்கும் யானைக்கும் அப்படி ஒரு முறை கிடையாது. அதனால் ஒவ்வொரு அக்டோபரிலும், புயல் பருவம் தொடங்கும் முன், நீங்களே தட்டிப் பாருங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். விரித்த தோகை அந்தக் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. உள்ளே பூச்சு விட்டுப்போனதைச் சொல்லும் அந்தப் 'பொத்' சத்தம் கேட்டால் அடியில் யாரும் நிற்காதபடி கயிறு கட்டிவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலரச் சுரண்டாமல் நனைத்துச் சுரண்டச் சொல்லுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

மேலே சிமென்ட் அப்பிவிட்டுப் போகிறவரை நம்பாதீர்கள். தளர்ந்ததைக் கம்பிக்குப் பின்புறம் வரை உடைத்தெடுக்க வேண்டும். கம்பி பளிச்சென்று தெரியும்வரை துருவைத் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் சேர்த்த கலவையால் கட்டி, சில நாள் ஈரமாக வைக்க வேண்டும். ரொம்ப இளைத்த கம்பியை மாற்றியே ஆக வேண்டும். நான் துருப்பிடிக்காத எஃகைத்தான் போடுவேன். விலை கூடுதல்தான், ஆனால் மறுபடி உடைக்க வேண்டியிருக்காது. அப்புறம் கடைசியாக, ஈரம் உள்ளிருந்து வெளியேற இடம் விடும் பெயிண்ட்.

அந்த மயிலுக்கு இறக்கையும் தோகையும்தான் புதிதாகக் கட்டினோம். 'டங்' என்ற கழுத்தையும் தலையையும் தொடவில்லை. கழுத்துச் செதில்களில் அந்த அம்மாவின் கணவர் கட்டைவிரலால் அழுத்திய தடங்கள் வரிசையாக இருக்கின்றன. பெயிண்ட் அடிக்கும்போது அந்தக் குழிகள் அடைந்துவிடாமல் மெல்லியதாக அடிக்கச் சொன்னார் அம்மா.