சிவப்பென்றால் கருகல் இல்லை

மன்னார்குடிப் பக்கம் ஒரு விவசாயிகள் கூட்டம். சம்பா நிலவரம் காட்டும் செயற்கைக்கோள் படத்தை அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தேன். பெரியவர் ஒருவர் கிட்டே வந்து பார்த்தார்.

"என்ன தம்பி, ஊரு பூரா செக்கச்செவேல்னு கெடக்கு? பயிரெல்லாம் கருகிப்போச்சா?"

"இல்லீங்கய்யா, செவப்பா இருக்கிறதுதான் நல்லாத் தழைச்ச பயிரு."

அவர் நம்பவில்லை. தப்பு என்மேல்தான், எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று ஓரத்தில் எழுதாமல் விட்டிருந்தேன்.

நான் பயன்படுத்தும் சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள், ஒரே இடத்தை 13 அலைவரிசைகளில், அதாவது 13 வகை ஒளியில், தனித்தனிப் படமாக எடுக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் கறுப்பு வெள்ளைதான். திரைக்கு இருப்பதோ சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வழி. எந்தப் படத்தை எந்த வழியில் விடுவது என்பது படம் போடுகிறவர் இஷ்டம். பசுமையான இலை, நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். அதைச் சிவப்பு வழியில் விட்டால் வயல் சிவக்கும்.

மூன்றும் ஒரே நாளின் படமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் டெல்டாவின்மேல் மேகம் விலகவே விலகாது. அப்போது மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார்தான் கைகொடுக்கும். எனக்குப் பிடித்த கலவை இது: ஆகஸ்ட் படம் சிவப்பில், அக்டோபர் பச்சையில், டிசம்பர் நீலத்தில். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் ரேடாரில் இருட்டாக விழும். பயிர் வளர வளர வெளிச்சமாகும். ஆகஸ்டில் குறுவைப் பயிர் வளர்ந்து நின்று, அக்டோபரில் அடுத்த போகமான தாளடிக்குத் தண்ணீர் கட்டி, டிசம்பரில் பயிர் எழுந்த வயல், சிவப்பும் நீலமும் சேர்ந்து கத்தரிப்பூ நிறத்தில் வரும். சம்பா மட்டும் போட்ட வயல் நீலம். தென்னந்தோப்புக்கு மூன்று மாதமும் ஒன்றுதான், வெளிறிய சாம்பல். எத்தனை போகம் என்று நிறமே சொல்லிவிடும்.

நானும் ஏமாந்திருக்கிறேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, பட்டுக்கோட்டைத் தோப்புகளின் முன், பின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மென்பொருள் தன் பாட்டுக்கு ஒவ்வொன்றுக்கும் தனியாக வெளிச்சம் கூட்டியதில், மரம் சாய்ந்த தோப்பும் செழிப்பாகத் தெரிந்தது! இப்போதெல்லாம் இரண்டுக்கும் ஒரே வெளிச்ச அளவைக் கையாலேயே போட்டுவிடுகிறேன். வாட்ஸாப்பில் இந்த மாதிரி முன், பின் படம் வந்தால், தேதியோடு, இரண்டுக்கும் ஒரே வெளிச்ச அளவுதானா என்றும் கேளுங்கள்.

சரி, பெரியவருக்கு வருவோம். "அப்ப என் வயலக் காட்டு" என்றார். அவருக்கு இருப்பது ஒரு மா, அதாவது 33 சென்ட். இந்தப் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர். கணக்குப் போட்டால் 13 புள்ளி வரும். அதிலும் ஓரத்தில் விழுபவை வரப்பு, வாய்க்கால், பக்கத்து வயல் எல்லாம் கலந்தவை. ஊரைப் பற்றிச் சொல்லலாம், ஒரு மாவைப் பற்றி அடித்துச் சொல்ல முடியாதுங்கய்யா என்றேன்.

"அதுக்கு நேர்லயே வந்து பாத்துட்டுப் போ, தம்பி. வாய்க்கா தாண்டுனா வயலு."

போனேன். மேலுரம் போட்டு நாலு நாள் ஆகியிருந்தது.